புகைக்கூண்டுக்கும் அழகுண்டு

அழகு எது என்று கேட்டால் நம் பிள்ளைகள் தயங்காமல் விடை சொல்வார்கள். மலை, அருவி, கடற்கரை, பூந்தோட்டம், முழுநிலா. 'நான் கண்டு மகிழ்ந்த காட்சி' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். கேமரன் மலைக்கு ஒரு தடவைகூடப் போகாத பிள்ளையும் அங்கே தேயிலைச் செடிகளின்மீது பனி தவழ்ந்ததைப் பக்கம் பக்கமாக எழுதிவிடும். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாமும் அந்த வயதில் அப்படித்தான் எழுதினோம். நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனாலும் ஒரு கேள்வி என்னை விட்டபாடில்லை. பிள்ளைகள் அன்றாடம் காண்கிற காட்சி ஒன்று உண்டே, அது ஏன் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை? லயத்து வாசலில் நின்றால் தெரிகிறது. பள்ளிக்கூடத்து ஜன்னலைத் திறந்தால் தெரிகிறது. இரவில் விளக்கை அணைத்துப் படுத்தாலும் அதன் ஓசை காதில் விழுகிறது. செம்பனை ஆலையைத்தான் சொல்கிறேன்.

சிரிக்காதீர்கள். புகையும் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் மூக்கைத் துளைக்கும் நெடியுமா அழகு என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டம் கிள்ளானுக்குத் தெற்கே, கடலோரச் சமவெளியில் இருக்கிறது. மலை என்று சொல்ல ஒரு மேடுகூடக் கிடையாது. செம்பனை ஓலைகளுக்கு மேலே தலை நீட்டி நிற்பவை இரண்டே இரண்டுதான். ஒன்று கால்களை அகட்டி நிற்கும் இரும்புத் தண்ணீர்த் தொட்டி, மற்றொன்று ஆலையின் புகைக்கூண்டு. பகலில் அவற்றைப் பார்த்து யாரும் மனம் பறிகொடுக்க மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரவு ஏழரை மணிக்கு மேல் வந்து பாருங்கள். சுற்றிலும் கன்னங்கரிய மரங்கள். நடுவில் ஆலை மட்டும் மஞ்சள் விளக்குகளோடு, நங்கூரம் பாய்ச்சிய கப்பலைப் போல நிற்கும். படிக்கட்டுகளும் குழாய்களும் உயரத்து நடைபாலங்களும் கோடு கோடாகத் தெரியும். குலை அவிக்கும் கலனைத் திறக்கிறபோது வெள்ளை வெளேரென்று நீராவி கிளம்பி, விளக்கொளி பட்டுப் பொன்னிறமாகிக் கரைந்து போகும். மழைக்காலமாக இருந்தால் வாய்க்கால் தண்ணீரில் இன்னோர் ஆலை தலைகீழாக ஓடிக்கொண்டிருக்கும்.

என் அப்பா அந்த ஆலையில் முப்பத்தோர் ஆண்டுகள் பாய்லர் பார்த்தவர். எங்கள் வீட்டில் கடிகாரமே தேவைப்படவில்லை. ஆலைச் சங்கும் அப்பாவின் ஷிப்டும்தான் நேரம். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் அள்ளிப் போட்டு நெருப்பு வளர்ப்பார்கள். அந்த நெருப்பில் நீராவி உண்டாகும். அந்த நீராவியே பழத்தை அவிக்கும், அதுவே சுழலியைச் சுற்றி மின்சாரமும் கொடுக்கும். எங்கள் சிறு வயதில் லயத்து விளக்குகளும் அந்த மின்சாரத்தில்தான் எரிந்தன. பரீட்சைக் காலத்தில் விளக்கு மங்கினால், "அப்பா நெருப்பைக் கவனிக்கல போல" என்று அண்ணன் கேலி பேசுவான். அப்பாவின் கை நெருப்பில் நாங்கள் வாய்ப்பாடு படித்தோம் என்று இன்று சொன்னால் பெரிய பேச்சாகத் தோன்றும். அன்று அது வெறும் விளக்கு.

விடுமுறை நாளில் அப்பா வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். அவர் கண் மட்டும் புகைக்கூண்டின் மேலேயே இருக்கும். நாங்கள் புகையைப் பார்த்தோம், அவர் எழுத்தைப் படிப்பது போலப் புகையைப் படித்தார். "கறுப்பாப் போனா நெருப்புக்குக் காத்துப் பத்தல. வெள்ளையாத் திரண்டு போனா நாரு ஈரம். மெல்லிசா, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமப் போகுது பாரு, அங்க கைகாரன் நிக்கிறான்னு அர்த்தம்" என்பார். பாய்லரில் அன்றைக்கு யார் நிற்கிறார் என்பதைப் புகையைக் கொண்டே பெயர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் தப்பாது. பொழுது சாயும் நேரத்தில், சிவந்த வானத்தின்மேல் அந்த மெல்லிய புகை ஒரே கோடாக எழும்பிப் போனால் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். கோயில் சிலைக்கு அலங்காரம் முடித்துவிட்டுச் சற்றே விலகி நின்று பார்க்கும் பூசாரியின் முகத்தில் அதே நிறைவை நான் கண்டிருக்கிறேன்.

அழகு என்ற சொல்லை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவர் பார்த்தது அழகைத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அம்மாவின் வேலை வேறு. செம்பனை வந்த பிறகும் எங்கள் தோட்டத்தில் ஒரு பகுதி கித்தாவாகவே இருந்தது. பால் ஸ்டோருக்குப் பக்கத்தில் சீட்டுகளைப் புகை போடும் கொட்டகை இருந்தது. ஸ்மோக் அவுஸ் என்போம். திராவகம் ஊற்றி உறைய வைத்த பாலை உருளையில் கொடுத்துத் தகடாக்கி, கழிகளில் துணி காயப்போடுவது போல அடுக்கடுக்காகத் தொங்க விடுவார்கள். வெள்ளையாக உள்ளே போகும் சீட்டு, நாலைந்து நாள் புகையில் வெந்து, தேன் நிறத்தில் வெளியே வரும். அதைத் தரம் பிரிப்பது பெண்களின் வேலை. அம்மா ஒவ்வொரு சீட்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்திற்கு எதிரே பிடிப்பார். உள்ளே தூசியோ குமிழியோ இருந்தால் கத்தரியால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிவார். பள்ளி விட்டு வந்து நான் அங்கே போய் நிற்பேன். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் ஒளி ஊடுருவும் ஒரு பொன் தகடு! இடையில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கோயில்களையும் மாளிகைகளையும் பார்த்துவிட்டேன். அந்தப் பிற்பகல் வெளிச்சத்துக்கு ஈடாக ஒன்றும் மனத்தில் தங்கவில்லை. புகை நெடி தலைமுடியில் இரண்டு நாளைக்கு இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டணத்திலிருந்து வரும் உறவினர்கள் தோட்டத்தைப் பார்த்து, "என்ன பசுமை! இயற்கையோடு வாழ்கிறீர்கள்" என்பார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். தோட்டம் என்பது கூரையில்லாத ஓர் ஆலை. செம்பனை இந்த மண்ணுக்குரிய மரமே அன்று, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், 1870களில் இது மலாயாவுக்கு வந்தபோது எண்ணெய்க்காக வரவில்லை, அழகுக்காகத்தான் நட்டார்கள். சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல்தான் முதன்முதலாக வாணிப நோக்கத்தோடு பயிரிட்டார்கள். நட்ட முறையைக் கவனித்திருக்கிறீர்களா? மரத்துக்கு மரம் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் விட்டு, முக்கோணம் முக்கோணமாக நடுவார்கள். அதனால் ஒரு மரத்தடியில் நின்று சுற்றிப் பார்த்தால் ஆறு திசையிலும் நேர் வரிசை தெரியும். பேருந்தில் போகும்போது அந்த வரிசைகள் விசிறியைப் போல விரிந்து மடங்கி விரிந்து மடங்கிப் போவதை நம் பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த விசிறியை விரித்தவர்கள் கயிறு பிடித்துக் குச்சி நட்டுக் குழி வெட்டிய நம் முன்னோர்தாம்.

ஆகவே இது இயற்கை அழகு, அது செயற்கை, அதில் அழகில்லை என்று கோடு கிழிப்பது நம் நாட்டில் எளிதன்று. தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போகாத பள்ளிப் பிள்ளை உண்டா? மழைமரங்கள் கிளை தாழ்த்தித் தண்ணீரைத் தொடும் அந்த இடத்தை அழகின் இருப்பிடம் என்கிறோம். ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளில்தான் 1880-இல் அந்தப் பூங்கா தொடங்கியது. கிந்தா வட்டாரத்தில் காலை நேரத்தில் வெள்ளிக் காசுகளாக மின்னும் குட்டைகளும் அப்படி வந்தவைதாம்.

ஈயம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பத்து காஜாவுக்குப் பக்கத்தில், தஞ்சோங் துவாலாங்கில், ஈயம் தோண்டிய மிதவைக் கப்பல் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1938-இல் கட்டியது, 4,500 டன் எடை. அவ்வளவு இரும்பும் ஒரு குட்டையில் மிதக்கிறது! முன்னால் கோர்த்த வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி மண்ணை அள்ளிக்கொண்டு மேலே வரும். உள்ளே கழுவி ஈயத்தைப் பிரித்துவிட்டு, மணலைப் பின்னால் கொட்டிக்கொண்டே அது மெல்ல நகரும். 1982-இல் அந்தக் கப்பல் ஓய்ந்தது. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது மற்ற லம்பங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதன் கிறீச்சொலி இரவில் மைல் கணக்கில் கேட்கும் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். சக ஆசிரியர்களோடு அங்கே போனபோது பலர் பத்து நிமிடத்தில் இளநீர் குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் வர மனமில்லை. துருப்பிடித்த வாளிகள் வளைந்து தொங்கிய அந்த வரிசை, ஏதோ ஒரு பெரிய விலங்கின் முதுகெலும்பைப் போல இருந்தது.

இப்படிப் பார்ப்பது எனக்கு மட்டும் உள்ள கிறுக்கோ என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது நூலகத்தில் ஒரு படப் புத்தகம் கையில் கிடைத்தது. ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்னும் கணவன் மனைவி எடுத்த புகைப்படங்கள். 1959-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அவர்கள் படம் பிடித்தது என்ன தெரியுமா? தண்ணீர்த் தொட்டி, எரிவாயுத் தொட்டி, சுரங்கத்து இரும்புக் கோபுரம், உலைக்களம். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம், நேர்முகம், மப்பான வானம், மனிதர் ஒருவரும் கிடையாது. 1990-இல் வெனிஸ் நகரக் கலை விழாவில் அவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். அதுவும் சிற்பத்துக்கான பரிசு! பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் அக்கா தங்கைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் ஓர் ஆளும் இல்லாதது எனக்கு ஒட்டவில்லை. புகைக்கூண்டுக்குக் கீழே அப்பா நிற்காவிட்டால் அது வெறும் குழாய்தானே?

பட்டணத்துக்கு வருவோம்.

எங்கள் தோட்டத்துச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. மழை விட்ட மாலையில் அந்தப் பாலத்தின்மேல் பேருந்து ஏறும்போது, கிழக்கே மலைத்தொடருக்கு முன்னால் கோலாலம்பூர் தெரியும். கைவிரல் அளவு உயரம், அவ்வளவுதான். பழைய நாளில் அங்கே ஒன்றும் தெரியாது. பிறகு 421 மீட்டரில் கோலாலம்பூர் கோபுரம் வந்தது. 452 மீட்டரில் இரட்டைக் கோபுரம் வந்து, 1998-இலிருந்து 2004 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் என்ற பெயரோடு நின்றது. மெர்டேக்கா 118 கட்டி முடிந்த 2023-இல் உலகின் இரண்டாவது உயரமான கட்டடம் ஆயிற்று. 678.9 மீட்டர். 1957-இல் விடுதலை முழக்கம் எழுந்த மெர்டேக்கா அரங்கத்துக்குப் பக்கத்திலேயே அது நிற்கிறது. சென்ற ஆண்டு பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது, பாலத்தின்மேல் பேருந்து ஏறியதும் ஒரு சிறுமி, "டீச்சர், அங்க பாருங்க, நம்ம புகைக்கூண்டு மாதிரி இருக்கு!" என்று கத்தினாள். ஊசியாக மேலே கூர்ந்து நின்ற மெர்டேக்கா 118-ஐத்தான் சொன்னாள். பேருந்து முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. தூரத்தில் நிற்பதை அளக்கப் பக்கத்தில் உள்ளதைத்தானே கோலாக எடுக்க வேண்டும்?

இரட்டைக் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. சதுரத்தின்மேல் சதுரத்தைத் திருப்பி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் வரும். அந்த வடிவத்தை அடித்தளமாகக் கொண்டு சீசர் பெல்லி என்ற கட்டடக் கலைஞர் அதை வரைந்தார். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் போடும் கோலத்திலும் அதே நட்சத்திரம் வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். 41, 42ஆம் மாடிகளில் இரண்டையும் இணைக்கிறது பாலம். ஒரு கோபுரத்தை ஜப்பானிய நிறுவனம் தலைமையேற்ற கூட்டும் மற்றொன்றைக் கொரிய நிறுவனங்கள் தலைமையேற்ற கூட்டும் கட்டின. மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை சீராக இல்லாததால் நூறு மீட்டருக்கும் ஆழமாகக் கம்பங்களை இறக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் அந்த இடம் குதிரைப் பந்தயத் திடல்.

என் அண்ணனோடு அந்த நகரைப் பார்ப்பது வேறு விதம். அவன் 1995-இல் தோட்டத்தை விட்டுப் போனவன். கட்டடக் கம்பி ஏற்றும் லோரியில் முதலில் உதவியாள், பிறகு ஓட்டுநர். இரவில் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நகரை வலம் வருவான். விளக்குகளைப் பார்த்து நாங்கள் வியப்போம். அவனோ, "அந்த உயரக் கட்டடம் இருக்கே, அதுக்குப் பின்வாசல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு மழையில இறக்கினேன். இந்த ஹோட்டலுக்கு மூணு மாசம். அதோ, அதுல ஏழாவது மாடி வரைக்கும் என் கம்பிதான்" என்று கணக்குச் சொல்லுவான். "இரட்டைக் கோபுரத்துக்கு?" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவான். "அதுக்கு நான் இறக்கல" என்பான். அதில் அவனுக்குச் சிறு வருத்தம் உண்டு. அப்பா புகையைப் பார்த்துப் பெயர் சொன்னது போலவே இவன் மாடிகளைப் பார்த்து நாள் சொல்கிறான். பார்வை எங்கள் குடும்பத்தில் இப்படி ஓடி வருகிறது.

நகரத்து வானத்தைத் தொடும் அந்தக் கட்டடங்களில் பல, நம்மவர் காடு திருத்திய மண்ணின்மேல் எழுந்தவை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். புத்ராஜெயாவின் ஏரியையும் பாலங்களையும் பார்த்து மயங்காதவர் இல்லை. அது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921-இல் தொடங்கியது. பெயருக்குப் பொருளே 'பெரும் போர்' என்பதுதான். கித்தாக் கன்றுகளில் 'பி.பி.' என்ற எழுத்தோடு வரும் இனங்கள் அந்தத் தோட்டத்தின் பெயரைத் தாங்கியவை. 1995-இல் நகரம் கட்டத் தொடங்கினார்கள். தோட்டத்துக் குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடிகளுக்குப் போயின. சுபாங் ஜெயாவும் ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். பாலத்தின்மேல் நின்று பார்க்கிறபோது அந்த விளக்குக் கூட்டம் எனக்கு அழகாகவும் இருக்கிறது, நெஞ்சில் எங்கோ நெருடவும் செய்கிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிட என்னால் முடியவில்லை. எங்கள் தோட்டத்தையும் ஒருநாள் வீட்டு மனையாக்கிவிடுவார்கள் என்ற பேச்சு ஆண்டுக்கொரு தரம் வந்து போகிறது.

ஆலையை மெச்சிப் பேசுகிறேன் என்பதற்காக அதன் தீமையை மறைக்க விரும்பவில்லை. கழிவு நீரை அப்படியே ஆற்றில் விட்ட காலம் உண்டு. 1977-இல் விதிமுறை வந்த பிறகுதான் ஆலைகள் குளம் வெட்டித் தேக்கிச் சுத்திகரிக்கத் தொடங்கின. என் அப்பாவுக்கு இன்று காது கேட்காது. முப்பத்தோர் ஆண்டு இரைச்சல் அதை வாங்கிக்கொண்டது. காதடைப்பான் என்று ஒன்று இருப்பதே வேலை முடியும் தறுவாயில்தான் அவருக்குத் தெரிய வந்தது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். ஆலைச் சங்கு ஊதுவது அவருக்குக் கேட்பதில்லை. ஆனால் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து புகையைப் பார்க்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. அவர் காதைத் தின்ற ஒன்றை அழகென்று மகள் எழுதலாமா? இந்தக் கட்டுரையைத் தொடங்குவதற்கு முன் அவரிடமே கேட்டுவிட எண்ணினேன். பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து, "அப்பா, அது அழகா இருக்கா?" என்று உரக்கக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "ஈர நார அள்ளிப் போட்டிருக்கான், அதான் வெள்ளையாப் போகுது" என்றார்.

இனி வகுப்பறை. இந்த ஆண்டு நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கலைக்கல்வியும் நான்தான். 'என் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தேன். இருபத்திரண்டு பிள்ளைகள். பத்தொன்பது படங்களில் இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை, ஓட்டு வீடு. எங்கள் ஊரில் சூரியனைத் தவிர அதில் எதுவும் இல்லை. ஒரு பிள்ளை கோயிலை வரைந்திருந்தாள். ஒருவன் கார் வரைந்திருந்தான். கடைசி இருக்கைப் பையன் தாள் முழுவதையும் கரிய வண்ணத்தால் நிரப்பி, நடுவில் ஆலையை மஞ்சளும் ஆரஞ்சுமாக வரைந்திருந்தான். குழாய் எது, படி எது, குலை இறக்கும் மேடு எது என்று விரல் வைத்துச் சொன்னான். அதை வகுப்பின் பின்சுவரில் ஒட்டினேன்.

மறுவாரம் அவன் தாயார் வந்தார். உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வேலை உடுப்போடேயே வந்திருந்தார். கோபமாகப் பேசவில்லை. "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அவங்க அப்பா அங்கதான் வேலை செய்றாரு. அந்த எடத்துக்குப் போயிடக் கூடாதுன்னுதான் இவனப் படிக்க வைக்கிறோம். நீங்க அதையே வரைஞ்சு சுவத்துல மாட்டினா, அவன் அதையே பார்த்துக்கிட்டு இருக்க மாட்டானா?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. தோட்டத்தில் பிறந்த ஒவ்வொரு தாயும் இதைத்தான் நினைத்தாள். என் அம்மாவும் நினைத்தார். அதனால்தான் நான் இன்று சாக்கட்டி பிடிக்கிறேன். ஆனாலும் அவரிடம் இதைச் சொன்னேன்: "அக்கா, இவன் பொறியியலாளர் ஆகட்டும், டாக்டர் ஆகட்டும். எங்கே போனாலும் 'உன் அப்பா என்ன வேலை செய்தார்?' என்று ஒருவர் கேட்பார். அப்போது தலை குனியாமல், அந்த ஆலை இரவில் எப்படி இருக்கும் என்று இவன் சொல்ல வேண்டாமா?" அவர் ஒன்றும் பேசவில்லை. படத்தை எடுத்துவிடச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். களைத்து வந்தவரிடம் அழகைப் பற்றிப் பேசுவது எளிது, கேட்பதுதான் கடினம்.

பிறகு பெற்றோர் நாள் வந்தது. அந்தப் பையனின் தகப்பனார் காலை ஷிப்டு முடிந்து குளித்து, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வந்தார். மதிப்பெண் அட்டையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், கணக்கில் கவனம் போதாது என்று மகனை ஓர் அதட்டு அதட்டினார். கிளம்பும்போதுதான் பின்சுவர் கண்ணில் பட்டது. கிட்டே போய் நின்றார். தாயார் என்னைப் பார்த்தார், நான் தாயாரைப் பார்த்தேன். அவர் வெகு நேரம் அந்தக் கரிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏணி இந்தப் பக்கம் இல்லடா" என்றார். "புகைக்கூண்டு ஏணி ஆத்துப் பக்கம் இருக்கு. போன வருசம் பெயிண்டு அடிக்க நான்தானே ஏறினேன்."

பையன் ஓடிப் போய் மஞ்சள் கலர் பென்சிலை எடுத்து வந்தான்.